தூண்டில் நரம்பு விரலை அறுக்காமல் காத்துக்கொள்வது எப்படி: கரையிலிருந்து மீன் பிடிக்கத் தொடங்குவோருக்கு

ரீல் தூண்டிலைக் கையில் எடுக்கும் புதியவர்கள் தூண்டில் முள்ளிடமும் கெளுத்தியின் முள்ளிடமும் காட்டும் எச்சரிக்கையை நரம்பிடம் காட்டுவதில்லை. பார்வைக்கு நூல் போலிருக்கும் அது, இழுவிசையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது விரலைக் கொண்டு நிறுத்த முயன்றால், நொடிப்பொழுதில் தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வீசும்போதும், மீன் ஓடும்போதும், கல்லில் சிக்கிய நரம்பை இழுக்கும்போதும், முடிச்சை இறுக்கும்போதும் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால் வருகின்றன. ஆகவே கீழே சொல்லப்படும் படிகள் யாவும் ஒரு விதியை ஒட்டியவை: நரம்பு ஓட வேண்டுமானால் தடையின்றி ஓட விட வேண்டும், நிறுத்த வேண்டுமானால் வெறும் தோலைத் தவிர வேறொன்றால் நிறுத்த வேண்டும்.

படி 1: உங்கள் நரம்பின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள்

கடைகளில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒற்றை இழையாக, வழவழப்பாக இருப்பது நைலான் நரம்பு. பல நுண்ணிய இழைகளைப் பின்னிச் செய்யப்படுவது பிரெய்டு எனப்படும் பின்னல் நரம்பு. 30 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பின் குறுக்களவு ஏறத்தாழ 0.55 மி.மீ. இருக்க, அதே எடை தாங்கும் பின்னல் நரம்பு 0.28 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஒரே விசை பாதி அகலமுள்ள கோட்டில் அழுந்துவதால் தோலின் மீதான அழுத்தம் இரு மடங்காகிறது. மேலும், நைலான் நீண்டு கொடுத்து அதிர்ச்சியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். பின்னல் நரம்பு ஏறக்குறைய நீள்வதே இல்லை. அதன் பின்னல் மேடுகளில் உப்பும் நுண்மணலும் தங்கிவிட்டால் அது ரம்பம் போலவே செயல்படும். நீரில் ஊறிய விரலின் தோல் மென்மையாகிவிடுவதால் இன்னும் எளிதாக அறுபடும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். முதன்முறையாகத் தூண்டில் வாங்குபவருக்கு நைலான் நரம்பையே நான் பரிந்துரைப்பேன். வீச்சு கைவந்த பிறகு பின்னல் நரம்புக்கு மாறலாம்.

படி 2: கிளம்பும் முன் கையைத் தயார் செய்யுங்கள்

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். நரம்பு மோதிரத்தின் அடியில் மாட்டிக்கொண்டால் விரலை விடுவிக்க வழியிருக்காது. காயம்பட்டு விரல் வீங்கினால் மோதிரமே தனித் தொல்லையாகிவிடும்.

வீசும் கையின் சுட்டுவிரலுக்கு உறை தேவை. தோலால் செய்த விரலுறை சிறந்தது. அது கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து விரலுக்கு இறுக்கமாகப் பொருந்தும் துண்டு ஒன்றை வெட்டி மாட்டிக்கொள்ளலாம். மருந்துக்கடையில் விற்கும் துணி பிளாஸ்திரியும் போதும்: நுனிக்கணுவில் இரண்டு மூன்று சுற்று, நடுக்கணுவில் இரண்டு மூன்று சுற்று என்று தனித்தனியே சுற்றி, மடங்கும் மூட்டை விட்டுவிட்டால் விரல் இயல்பாக வளையும். சுற்றி முடித்ததும் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் உடனே சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம் என்று பொருள், பிரித்துத் தளர்வாகச் சுற்றுங்கள்.

முழுக் கையுறை அணிவதானால் தோலாலோ வெட்டுத் தாங்கும் இழையாலோ ஆனதைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவர்கள் அணியும் மெல்லிய ரப்பர் உறை நரம்புக்கு முன் நிற்காது. பருத்தி உறையோ நனைந்து கனப்பதோடு தூண்டில் முள்ளிலும் மாட்டிக்கொள்ளும். இடுப்பில் எட்டும் இடத்தில் ஒரு கத்தரிக்கோல் தொங்கட்டும். சுற்றிக்கொண்ட நரம்பைப் பிரிக்க முயல்வதைவிட வெட்டிவிடுவதே விரைவானது.

படி 3: வீசும்போது

கடற்கரையில் ஈயக்குண்டு கட்டி வீசுவோர் விரலை அறுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், எனவே இதற்கு நேரம் ஒதுக்கிப் பழகுங்கள். ரீலில் நரம்பை வழிநடத்தும் வளைந்த கம்பி பெயில் கம்பி எனப்படும்; அதன் ஓரத்திலுள்ள சிறு உருளையைச் சுட்டுவிரலுக்கு நேராக வரும்படி கைப்பிடியைத் திருப்பி நிறுத்துங்கள். நரம்பைச் சுட்டுவிரலின் நுனிச்சதையில் ஏந்தி, அதன் பிறகே பெயில் கம்பியைத் திறங்கள். மூட்டு மடிப்புக்குள் நரம்பை வைத்தால் அது உரிய நேரத்தில் விடுபடாமல் தாமதித்து இழுக்கும். நரம்பைத் தளர்வாகப் பிடிப்பதும் ஆபத்தே. கோலை வீசும் வேகத்தில் அது விரலின் மேல் வழுக்கும்போது அறுக்கிறது. உறுதியாகப் பிடித்து, விடும் கணத்தில் விரலை நேராக நீட்டிவிட வேண்டும்.

பெயில் கம்பி தளர்ந்து போன ரீலில் வீச்சின் நடுவே கம்பி தானாக மூடிக்கொள்வதுண்டு. அப்போது ஓடும் நரம்பு திடீரென நின்று, இழுவிசை முழுவதும் விரலில் விழும். கரையில் நின்று இரண்டு மூன்று முறை வெறுங்கோலை ஆட்டிப் பார்த்து, கம்பி திறந்தே நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய பின்னல் நரம்பின் நுனியில் தடித்த நைலான் நரம்பு ஒன்றை லீடராகக் கட்டுவது விரலுக்கும் காப்பு. ஈயக்குண்டின் ஒவ்வோர் அவுன்சுக்கும் 10 பவுண்டு வலு என்பது கடற்கரை வீச்சாளர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் கணக்கு; 3 அவுன்சு, அதாவது சுமார் 85 கிராம் குண்டுக்கு 30 பவுண்டு லீடர். வீசத் தயாராகும் நிலையில் லீடர், ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் சில சுற்றுகள் ஏறியிருக்கும் அளவுக்கு நீளமாக இருந்தால், விரலில் அமர்வது அந்தத் தடித்த நரம்பாகவே இருக்கும். முடிச்சு மட்டும் விரல் படாத பக்கத்தில் இருக்கட்டும்.

படி 4: மீன் ஓடும்போது

பாறை மீனோ சீலா மீனோ கடித்து ஓடும்போது, ரீலுக்கு மேலே நரம்பைக் கையால் பற்றி நிறுத்தத் தோன்றும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த வேலைக்காகத்தான் ரீலில் டிராக் எனப்படும், இறுக்கித் தளர்த்தக்கூடிய தடை அமைப்பு இருக்கிறது. நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதை அமைக்கலாம். 30 பவுண்டு என்பது சுமார் 13.6 கிலோ, எனவே நரம்பு நுனியை ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுக்கும்போது முள் மூன்றரை முதல் நாலரை கிலோவுக்குள் காட்டுகையில் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். கூடுதல் தடை தேவைப்பட்டால் ஸ்பூலின் விளிம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மீன் கரைக்கு வந்ததும் நரம்பைக் கையில் சுற்றித் தூக்காமல், கைப்பிடி வைத்த சிறு வலையில் ஏந்துங்கள். கடைசி நேரத்தில் மீன் துள்ளுவது இயல்பு.

ரீல் இல்லாமல் கைத்தூண்டில் போடுபவருக்கு டிராக் என்பதே விரல்கள்தான். அவர் மீனின் அளவைப் பாராமல் 0.8 முதல் 1 மி.மீ. தடிமனுள்ள நைலானை எடுத்துக்கொள்வது நல்லது. இழுத்த நரம்பு வாளிக்குள் விழட்டும், காலடியில் வேண்டாம். மீன் இழுத்தால் பிடியைத் தளர்த்திவிட்டு, அது ஓய்ந்ததும் கை மாற்றிக் கை மாற்றி இழுங்கள். நரம்பின் மறுமுனையைச் சுற்றுக்கட்டையில் கட்டுங்கள். மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டக் கூடாது.

படி 5: கல்லில் சிக்கினால்

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கட்டப்படும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகளில் கொட்டியிருக்கும் கற்களுக்கிடையே முள் மாட்டிக்கொள்வது அன்றாட நிகழ்ச்சி. நரம்பை உள்ளங்கையில் சுற்றி இழுப்பதுதான் பலரும் செய்வது. மிக ஆழமான காயங்களைத் தருவதும் அதுதான், ஏனெனில் சுற்றிய நரம்பு இழுக்க இழுக்க இறுகுமே தவிர நழுவாது. ஒரு சாண் நீளமுள்ள வழவழப்பான மரக்கட்டையில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயில் கம்பியைத் திறந்து சிறிது நரம்பை விட்டு, கட்டையில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் பிடித்தபடி மெல்லப் பின்னே நடங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், அறுந்த நரம்போடு ஈயக்குண்டு பறந்து வரலாம்.

படி 6: முடிச்சை இறுக்கும்போது

முடிச்சை உமிழ்நீரால் நனைத்து, ஒரு முனையைக் குறட்டாலும் மறு முனையை மேலே சொன்ன கட்டையாலும் இழுங்கள். பின்னல் நரம்பை வெறும் விரலில் சுற்றி முடிச்சுப் போடவே கூடாது.

படி 7: அறுபட்டுவிட்டால்

சிறிய வெட்டானாலும் உடனே தூய நீரிலும் சோப்பிலும் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ வைக்க வேண்டாம். விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால் தசைநாண் அறுபட்டிருக்கலாம். நுனி மரத்துப் போனால் விரலின் உணர்வு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இரண்டுமே அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டியவை. வெதுவெதுப்பான கடல்நீரிலும் கழிமுகத்திலும் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் காயத்தின் வழியே நுழைந்து கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியவை. நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், அவர்கள் ஆறாத புண்ணோடு கடலில் இறங்காமலிருப்பதே நல்லது. காயத்தைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் வலியும் பரவினால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கடல்நீர் பட்ட காயம் என்பதையும், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்ட ஆண்டையும் அவரிடம் சொல்லுங்கள்.