ஐப்பசிக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஐந்தொகை: மழைக்கால முன்னேற்பாடு, படிப்படியாக

புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தியானம் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும், கரண்டும் போய்விடும். ஐப்பசி பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை. அப்போது பருப்பைக் காயவைக்கவும் முடியாது, மாடியைக் கழுவிவிடவும் முடியாது. அதனால் வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறேன். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

ஒரு நிபந்தனை. முதல் மாதம் இதற்கென்று எதையும் வாங்கக் கூடாது. அவசரகாலப் பை, ஆறு மாதம் கெடாத உணவு டப்பா என்று கண்ணில் படுவதெல்லாம் நமக்கு வேண்டாம். வீட்டில் இருப்பதைக் கணக்குப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

படி 1: நோட்டுப் போடுங்கள்

பேரேடும் ஐந்தொகையும் (என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று காட்டும் இருப்புக் கணக்கு) எழுதிப் பழகிய மண் இது. வீட்டுக்கும் அதையே செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அடுப்படியில் தொடங்கி, சாமான் அறை, குளியலறை, மாடி என்று ஒரு சுற்று வாருங்கள். நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: என்ன இருக்கிறது, எத்தனை நாளுக்கு வரும், வீட்டில் யாருக்குத் தேவை, கரண்ட் இல்லாவிட்டால் உதவுமா.

அந்த நான்காவது பத்திதான் முக்கியம். மோட்டார் ஓடாது. தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் ஓடாது. கிரைண்டர், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாமே ஓரமாக உட்கார்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு அரிசி இருக்கும், குடிக்க ஒரு நாளைக்கு மேல் தண்ணீர் இருக்காது. பெரும்பாலான வீட்டு ஐந்தொகை இப்படித்தான் முடியும்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, கடலோரத்தோடு அது நிற்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆழ்துளைக் கிணறு வீட்டு வாசலிலேயே இருந்தும் தண்ணீருக்கு ஜெனரேட்டர் வண்டியை எதிர்பார்த்து நின்றவர்கள் உண்டு.

படி 2: தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 60 லிட்டர். சுமார் 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் நான்கு குடம். அவ்வளவுதான். வானிலை அறிக்கையில் புயல் என்று சொன்ன அன்றைக்கே இந்த நான்கு குடத்தையும் நிரப்பி மூடி வைத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு என்று தனியாக ஒரு டிரம்.

அந்த டிரம்மை மழையே நிரப்பிவிடும். கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கப் பெரிய வீடுகளில் கூரைச் சரிவு உள்முற்றத்தைப் பார்த்து இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாட்டு ஓட்டில் விழும் மழை தகர வாய்க்கால் வழியாக முற்றத்து அண்டாவில் இறங்கும். மிச்சம் வடிகாலில் போகும். நமக்கு இருப்பது மொட்டை மாடி வீடு, நான்கு மூலையில் நான்கு குழாய். கணக்கு ஒன்றுதான்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். ஒரு 10 மில்லிமீட்டர் மழைக்கே 930 லிட்டர். உறிஞ்சியது, சிதறியது போக 700 லிட்டராவது கைக்கு வரும். ஐப்பசி மழையில் 10 மில்லிமீட்டர் என்பது ஒரு பாட்டம் மழை.

செய்ய வேண்டியது இது. முதலில் மாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். பழைய சாக்கு, உடைந்த தொட்டி, புறா எச்சம் ஒன்றும் இருக்கக் கூடாது. நான்கு குழாயில் எது அடுப்படிக்குப் பக்கமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, தரையிலிருந்து டிரம் உயரத்துக்கு மேலே அறுத்து ஒரு முழங்கை மூட்டு போடுங்கள். வாய் அகன்ற டிரம் என்றால் மேலே நான்காக மடித்த பழைய வேட்டியைக் கயிற்றால் இறுகக் கட்டிவிடலாம். டிரம்மைத் தரையில் வைக்காமல் நான்கு ஹாலோ பிளாக் மேல் வைத்தால் அடியில் குழாய் பொருத்தி வாளி வைத்துப் பிடிக்க வசதி.

பருவத்தின் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். மாடியின் அழுக்கெல்லாம் அதில்தான் வரும். அது செடிக்குப் போகட்டும். அடுத்தடுத்த மழையிலும் முதல் பதினைந்து நிமிடம் முழங்கையை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். தண்ணீர் தெளிந்ததும் டிரம் பக்கம் திருப்புங்கள். இதற்காகவே மூட்டுக்குப் பசை போட வேண்டாம், இறுக்கிச் செருகினால் போதும். டிரம் நிரம்பி வழிவதற்கும் ஒரு குழாய் வைத்து அதை மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விடுங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய அந்தக் குழி உங்கள் வீட்டிலும் எங்கோ இருக்கும். பெரும்பாலும் மண் மூடிக் கிடக்கும். அதையும் ஒரு நாள் தோண்டி, கூழாங்கல்லை வெளியே எடுத்துக் கழுவிப் போட்டுவிடுங்கள்.

ஓட்டு வீடென்றால், நான்கு அங்குல பிவிசி குழாயை நெடுக்குவாட்டில் பாதியாக அறுத்து ஓட்டு விளிம்பில் கொஞ்சம் சரிவாகக் கட்டினால் வாய்க்கால் தயார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம். மற்ற கூரைத் தண்ணீரையும் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்ட பிறகே குடிக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டு ஊற்றி வையுங்கள். மண் அடியில் தங்கிவிடும். கலங்கல்தான் தெளியும், கிருமி போகாது. கொதிக்க வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

டிரம்முக்குக் கொசுவலையோ துணியோ இல்லாமல் ஒரு நாளும் இருக்கக் கூடாது. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவது இதற்காக.

பாத்திரம் இல்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் பரப்பி வைக்காத வீடு குறைவு. அப்படி வந்த எவர்சில்வர் தவலையும் அண்டாவும் பூட்டிய அறையில் தூங்குகின்றன. பித்தளை அண்டாவைக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் வந்த விலைக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் பிளாஸ்டிக் டிரம் வாங்கி வருகிறார்கள். எனக்கு இது இன்னும் புரியாத வியாபாரம்.

படி 3: சாமான்

நீங்கள் தினமும் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வதுதான் முறை. நான்கு பேருக்கு இரண்டு வாரத்துக்கு, ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் வீதம் 17 கிலோ அரிசி வேண்டும். மொத்தமாக வாங்க வேண்டாம். மாதச் சாமான் வாங்கும்போது ஒவ்வொரு மாதமும் அரிசியில் 4 கிலோ, துவரம்பருப்பில் அரைக் கிலோ கூட்டிப் போடுங்கள். நான்கு மாதத்தில் கையில் சேமிப்பு நிற்கும், பட்ஜெட்டும் நோகாது. புதிதாக வந்தது பின்னால், பழையது முன்னால். டப்பாவின் மேல் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள்.

பருப்பை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசிறி வைத்தால் வண்டு வராது. சமைக்கும்போது வெந்நீரில் கழுவினால் போயிற்று. அரிசியை வெயிலில் போடாதீர்கள், நொறுங்கிவிடும். நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையையும் வசம்புத் துண்டையும் துணியில் முடிந்து நடுவில் வையுங்கள்.

காய்கறி வராத நாளுக்கு வற்றல். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை எல்லாம் சித்திரை வெயிலிலேயே போட்டிருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் புரட்டாசி வெயிலில் மோர் மிளகாயாவது போட்டுவிடலாம். பச்சை மிளகாய் அரைக் கிலோ, குட்டையும் தடியுமாக இருப்பது நல்லது. காம்பைக் கிள்ள வேண்டாம். கழுவித் துடைத்து, நுனியில் மட்டும் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். அரை லிட்டர் நல்ல புளித்த கெட்டி மோரில் ஒரு கைப்பிடிக் கல்லுப்பு கரைத்து, மிளகாய் முழுகும்படி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மிளகாயை மட்டும் எடுத்துச் சுளகில் பரப்பி வெயிலில் வையுங்கள். மோரை மூடி வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். சாயங்காலம் காய்ந்த மிளகாயைத் திரும்ப அதே மோரில் போட வேண்டும். முதல் நாள் பச்சை வெளிறும். இரண்டாம் நாள் தோல் சுருங்கும். மூன்று நான்கு நாளில் மோர் மொத்தமும் மிளகாய்க்குள் போய், மேலே வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். அதற்குப் பிறகு வெறும் வெயில்தான்.

எப்போது எடுப்பது என்று பக்கத்து வீட்டு ஆச்சியைக் கேட்டால், "சுளகை ஆட்டிப் பாரு ஆத்தா, உள்ளே விதை கலகலன்னு சத்தம் போடணும். அதுக்கு முன்னாடி எடுத்தா ஜாடியிலேயே பூத்துப் போயிரும்" என்பார். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. நடுவில் மழை வந்துவிட்டால் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் பரப்பிவிட்டு, அடுத்த வெயிலில் தொடருங்கள். கஞ்சிக்கோ தயிர்சோற்றுக்கோ இதில் இரண்டைப் பொரித்துவிட்டால் வேறு தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம்.

கும்மாய மாவும் கைவசம் இருக்கட்டும். உளுந்து ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், பச்சரிசி கால் கப், தனித்தனியாக வாசனை வரும்வரை வறுத்து ஆறவைத்து, கரண்ட் இருக்கும்போதே அரைத்துச் சலித்து வையுங்கள். கருப்பட்டிப் பாகும் நெய்யும் சேர்த்து ஒரே அடுப்பில் கிண்டி இறக்கலாம். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வயிறு நிறையும்.

படி 4: அடுப்பும் வெளிச்சமும்

சிலிண்டர் பதிவு செய்வதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கரி அடுப்பை மூடிய அறைக்குள் ஏற்றவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தாழ்வாரத்திலோ முற்றத்திலோ வையுங்கள்.

வெளிச்சத்துக்கு சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு இரண்டு, தீப்பெட்டி ஈரம் படாத டப்பாவில். கரண்ட் போனதும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம்வரை குளிர்ச்சி நிற்கும்.

படி 5: மருந்தும் காகிதமும்

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எப்போதும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு கூடக் கூடாது. ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், நகைக்கடன் ரசீது எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், பரணில். தரையோரப் பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

படி 6: ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மறுநாள் காலைவரை இருந்து பாருங்கள். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். மாமியாரிடம் சொல்லாமல் செய்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். தீப்பெட்டி எங்கே என்று தேடியது, மொபைல் சார்ஜ் எட்டு மணிக்கே தீர்ந்தது, பவர் பேங்க் காலியாகக் கிடந்தது என்று தட்டுப்பட்டதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது மாதம் என்ன வாங்குவது என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

கடைசியாக, அடுப்படிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். மின்தடைப் புகாருக்கு மின்னகம் 94987 94987, கேஸ் கசிவுக்கு 1906, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஆயாவும் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு.