காசிமேட்டு ஈ: படத்தை வைத்து எதுவரை பெயர் சொல்லலாம்?

காசிமேட்டில் கருவாடு காயும் இடத்தில் மொய்ப்பதை ஊரே 'பச்சை ஈ' என்று சொல்லும். போன் செயலியில் படத்தைப் போட்டால் 'லூசிலியா' என்ற பச்சை ஈப் பேரினத்தின் பெயர் வரும். இரண்டும் நிறத்தை நம்பிச் சொன்ன பெயர்கள். ஈயின் மேல்தோலில் உள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால்தான் அந்த மினுமினுப்பு. வெயில் சாய்ந்தால் அதே ஈ நீலமாகத் தெரியும், ஃபிளாஷ் அடித்தால் செம்பு நிறம் காட்டும். நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

கருவாட்டில் நீலப்பச்சையாக, 8 முதல் 12 மிமீ நீளத்தில், பெரிய செங்கண்களோடு இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிரைசோமியா பேரினத்தின் மெகாசெபாலா என்ற இனம். அதன் உடன்பிறப்பு போன்ற கிரைசோமியா ரூஃபிஃபேசியஸும் அங்கேயே திரியும். இரண்டையும் பிரிக்கும் அடையாளம் ஒரு சிறு புள்ளி. தலைக்குச் சற்றுப் பின்னால், மார்பின் பக்கவாட்டில், முன்காலுக்கு மேலே ஒரு மூச்சுத்துளை இருக்கும். மெகாசெபாலாவில் அது கரும்பழுப்பு, ரூஃபிஃபேசியஸில் வெளிறிய வெள்ளை. மேலிருந்து எத்தனை அழகாகப் படம் எடுத்தாலும் இந்தத் துளை விழாது.

லூசிலியா விஷயத்தில் வயிற்றைக் கவனியுங்கள். கிரைசோமியாவின் வயிற்று வளையங்களின் ஓரத்தில் கருப்புப் பட்டை இருக்கும், லூசிலியாவில் பொதுவாக அப்படித் தெளிவாக இருக்காது. உறுதியான அடையாளம் இறக்கையின் அடி நரம்பில் வரும் மயிர்: கிரைசோமியாவுக்கு உண்டு, லூசிலியாவுக்கு இல்லை. போன் படத்தில் அது தெரிவது அபூர்வம்.

ஆக, ஒரு ஈக்கு நான்கு கோணங்கள் வேண்டும். நேர் மேலிருந்து மார்புக் கோடுகள், பக்கவாட்டில் மூச்சுத்துளையும் மயிர்களும், முகத்துக்கு நேராகக் கண்களின் இடைவெளி, இறக்கையின் நரம்புகள். முகப்படத்தை யாரும் எடுப்பதில்லை. ஆனால் ஆணா பெண்ணா என்பது அங்கேதான் தெரியும். மெகாசெபாலா ஆணின் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கும், மேல்பாதிக் கண்ணறைகள் கீழ்ப்பாதியைவிடப் பெரியவை. பெண்ணின் கண்களுக்கு நடுவே இடைவெளி உண்டு.

வெயில் ஏறும் முன், காலை 6 மணி சுமாருக்கு எடுங்கள். உடல் சூடேறாத ஈ சோம்பிக் கிடக்கும். கிளிப் மேக்ரோ லென்ஸை மாட்டினால் ஓரிரு அங்குலம் வரை நெருங்க வேண்டியிருக்கும், போனின் நிழல் பட்டதும் ஈ பறந்துவிடும். சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது மேல். ஒரே கோணத்தில் பத்துப் படமாவது தட்டுங்கள், குவியம் சரியாக விழுவது ஒன்றிரண்டில்தான். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், இறக்கை ஓரத்தையும் மயிரையும் மழுங்கடித்துவிடும். ஈ உட்கார்ந்த இடத்திலேயே பிறகு ஒரு ஸ்கேலை வைத்து இன்னொரு படம் எடுத்தால் அளவு கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவும் போய், படத்தோடு சேர்ந்த இடக்குறிப்பும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சாம்பல் ஈக்களில் முதல் வேலை மார்புக் கோடுகளை எண்ணுவது. நான்கு என்றால் பெரும்பாலும் வீட்டு ஈ. அகலமான இரண்டு கோடு என்றால் முகத்தில் வந்து உட்கார்ந்து தொல்லை கொடுக்கும் மஸ்கா சார்பென்ஸாக இருக்கலாம். மூன்று கோடும் வயிற்றில் சதுரங்கக் கட்டமும் இருந்தால் சார்கோபாகிடே, அதாவது சதை ஈக்களின் குடும்பம். அங்கே நின்றுவிடுங்கள். இவற்றின் இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் ஆண் ஈயின் பிறப்புறுப்பின் வடிவம், அதையும் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது இங்கே பொருட்டே இல்லை.

மாதவரம் பக்கம் பூக்களில் தேனீ வேடத்தில் நிற்கும் சிர்ஃபிட் ஈக்கள் இந்த அளவு படுத்தாது. தேனீக்கு இரண்டு ஜோடி இறக்கை, ஈக்கு ஒரு ஜோடி; உணர்கொம்பும் குட்டை. கண்ணில் புள்ளியோ கோடோ தெரிந்தால் எரிஸ்டாலினஸ் பேரினம் வரை போகலாம். மாம்பழத்து பழ ஈக்கு இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். கரும்பட்டை நுனி வரை தொடர்ந்தால் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் பக்கம், நடுவில் அறுந்து நுனியில் மட்டும் புள்ளி என்றால் அதே பேரினத்தின் ஜொனாட்டா இனமோ கரெக்டா இனமோ.

இனம் வரை கட்டாயம் வேண்டும் என்றால் ஈயைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். சிறு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைத்தால் அசையாமல் கிடக்கும். வெள்ளைத் தாளில் போட்டு நான்கு கோணமும் எடுங்கள், சீக்கிரமே எழுந்துவிடும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, இடமும் தேதியும் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை கரைந்து, பத்து நாளில் குப்பியில் பெயரில்லாத ஈ மட்டும் மிஞ்சும்.