முதுகெலும்பை ஒட்டிய நெஞ்சுக் கட்டி: எங்கே தவறு நடக்கிறது?

எக்ஸ்ரேயில் முதுகெலும்பை ஒட்டி, ஓரம் வழவழப்பாக ஓர் உருண்டை நிழல். பெரியவர்களிடம் இது பெரும்பாலும் நரம்பின் உறையில் வளரும் ஷ்வானோமா போன்ற சாதாரணக் கட்டி, புற்றுநோய் அல்ல. சளியில் கிருமி தெரியாமலேயே காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுப்பது முதல் தவறு. பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே, நிழல் பின்புறம் முதுகெலும்போடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஸ்கேன் பார்க்காமல் ஊசி குத்துவது அடுத்தது. நியூரோஃபைப்ரோமாடோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) உள்ளவருக்கு அது தண்டுவட நீர் நிரம்பிய பையாக இருக்கலாம். அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கக்கூடிய பாராகாங்லியோமா கட்டி என்றால் ஊசி பட்டதுமே ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறலாம். படபடப்பு, வியர்வை, தலைவலி, பிரஷர் உண்டா என்று கேட்டு, சந்தேகம் இருந்தால் முதலில் அந்த ஹார்மோன்களின் சிதைவுப் பொருளான மெட்டாநெஃப்ரினை அளக்கும் பரிசோதனை செய்யுங்கள்.

ஆளையே முடக்கிவிடக்கூடியது எம்ஆர்ஐயைத் தவிர்ப்பதுதான். சுமார் 10 சதவீதக் கட்டிகள் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள துளை வழியாகத் தண்டுவடக் குழாய்க்குள் நுழைந்திருக்கும். இரு முனையும் பருத்து நடுவில் ஒடுங்கிய டம்பெல் வடிவம். கால் மரத்துப்போகவில்லை என்பதால் உள்ளே போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. இதை நெஞ்சுப் பக்கமிருந்து இழுத்தால், குழாய்க்குள் கசியும் ரத்தம் வெளியேற வழியில்லாமல் தண்டுவடத்தை நெருக்கிவிடும். மூளை நரம்பு அறுவை மருத்துவர் முதுகுப் பக்கம் திறந்து உள்பகுதியை முதலில் விடுவிக்க வேண்டும்; மீதியை, முடிந்தால் அதே மயக்கத்திலேயே, நெஞ்சில் சிறு துளையிட்டு நுழைக்கும் கேமராக் கருவியான தோராகோஸ்கோப் வழியாக எடுக்கலாம்.

துளை ஓரம் ரத்தம் கசிந்தால் ரத்தத்தை நிறுத்தும் துணியான சர்ஜிசெல்லைத் திணித்து அப்படியே விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் ஊறி உப்பும் அந்தத் துணி, துளைக்குள் நழுவித் தண்டுவடத்தை அழுத்தும்; கால் செயலிழந்தவர்கள் உண்டு. ரத்தம் நின்றதும் அதை எடுத்துவிட வேண்டும்.

நெஞ்சின் உச்சியில் உள்ள கட்டியில் ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சு அறுபட்டால், அந்தப் பக்கத்து இமை தொங்கும், கண்மணி சுருங்கும். கட்டியின் உறையைக் கீறி உள்ளிருப்பதை மட்டும் தோண்டி எடுத்தால் ஆபத்து குறையும்.

மயக்கம் தெளிந்ததும் கால் விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். அசையாவிட்டால், வலி தெரியாமலிருக்க முதுகில் செலுத்திய எபிடூரல் மருந்தின் மரப்புதான் என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே எம்ஆர்ஐ. அறுவைக்குப் பின் நெஞ்சில் வைத்த வடிகுழாயில் தண்ணீர் போலத் தெளிந்த நீர் வந்தால் அது தண்டுவட நீராக இருக்கலாம். உறிஞ்சும் சக்ஷனை முதலில் நிறுத்துங்கள்.