படம் வரைஞ்சு பொழைக்கிறது எப்படி: ஃப்ரீலான்ஸ் பண்ண நினைக்கிற ஓவியர்களுக்கு

பகல்ல ஏதோ ஒரு ஆபீஸ்ல டிசைனரா இருந்துட்டு, ராத்திரி சாப்பிட்டு முடிச்ச பிறகு டேப்லெட்ட எடுத்து சொந்தமா வரையுற ஆளுங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். வேலைய விடலாமா வேண்டாமான்னு எல்லாரும் கேக்கறாங்க, அதுக்கு முன்னாடி கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: உங்க படத்த ஒருத்தர் எதுக்காக காசு கொடுத்து வாங்கணும்? ட்ரெண்டுல ஓடுற ஸ்டைல அழகா போடத் தெரிஞ்சவங்க எக்கச்சக்கம், இப்ப ஏஐ வேற வந்தாச்சு. நீங்க கண்ணால பார்த்த ஒரு விஷயம் உங்க கோட்டுல தெரிஞ்சாதான் உங்களத் தேடி வருவாங்க. அந்தப் பார்வைக்கு தினமும் நேரம் ஒதுக்கணும், அந்த நேரத்த யாரும் பிடுங்கிட்டுப் போகாம இருக்கத்தான் ரேட்டு, அக்ரிமெண்ட், இன்வாய்ஸ் எல்லாம்.

அதனால முதல்ல பார்த்து வரையுற பழக்கம். பெரிய ஸ்கெட்ச்புக் வேண்டாம், ஒரு சின்ன நோட்டும் பால் பாயிண்ட் பேனாவும் போதும், பேனான்னா அழிக்க முடியாது, அதனால கோடு போடறதுக்கு முன்னாடி கண்ணு ஒழுங்கா பார்க்கும். ஆபீஸ் போற வழியில ஒரு டீக்கடையில நின்னு மாஸ்டர் டீ ஆத்துறத வரைஞ்சு பாருங்க. மேல போற கை தோளோட சேர்ந்து தூக்கும், அந்தப் பக்கம் சட்டை இடுப்புலேர்ந்து மேல இழுபடும், க்ளாஸ் புடிச்ச கையோட முழங்கை உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கும், தலை கொஞ்சம் சாஞ்சு கண்ணு மட்டும் கீழ க்ளாஸ்ல இருக்கும். போட்டோவப் பார்த்து வரைஞ்சா நடுவுல தொங்குற அந்த டீ கோடுதான் பெருசா தெரியும், நேர்ல நின்னாதான் உடம்போட வெயிட் எந்தக் கால்ல இருக்குன்னு தெரியும், படத்துக்கு உயிர் அங்கதான் இருக்கு. பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வரிசை, கோயில் மண்டபத்துல தூங்குறவங்க, எல்லாமே ஓசியில கெடைக்கிற மாடல். சென்னைல இருந்தா எழும்பூர் மியூசியத்துல வெண்கலச் சிலைகள் இருக்கற கேலரிக்குப் போய் ஒரே ஒரு சிலைய மட்டும் எடுத்துக்கிட்டு முன்னாடி, பக்கவாட்டுல, முடிஞ்சா பின்னாடின்னு சுத்தி வரைங்க, இடுப்பு ஒரு பக்கம் போனா தோள் எந்தப் பக்கம் போகுதுன்னு கைக்கே புரிஞ்சுடும்.

அடுத்தது நம்ம ஆளுங்க. பின்டெரெஸ்ட்ட திறந்தா வெளிநாட்டுக்காரங்க வேலைதான் வந்து கொட்டுது, நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்திரிகைக்கு வாராவாரம் டெட்லைன்ல வரைஞ்சு பெரிய ஆளான பரம்பரை நம்மகிட்டயே இருக்கு. கோபுலு ஆனந்த விகடன்ல போட்ட கூட்டப் படங்களப் பாருங்க, கல்யாண வீட்டுல பத்து பேர் நின்னா பத்து மூஞ்சியும் வேற வேற யோசனைல இருக்கும். அவரு பின்னாடி விளம்பரத் துறைலயும் வேலை பார்த்தவரு, அதாவது ஓவியமும் டிசைனும் சேர்த்தே பண்ணவரு. வலது கை விளங்காம போனப்புறம் இடது கையால வரைஞ்சு பழகினாருங்கறத நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும். சில்பி கோயில் சிலைகள வரைஞ்சத எடுத்துப் பார்த்தா, கருங்கல்லோட கனத்த வெறும் பேனாக் கோட்டுல எப்படிக் கொண்டு வந்தாருன்னு மணிக்கணக்கா உக்காந்து படிக்கலாம். மணியம் 1950லேர்ந்து கல்கி பத்திரிகைல 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு வரைஞ்சாரு, நம்ம தலைமுறைக்கும் வந்தியத்தேவன்னா அவரு போட்ட உருவம்தான் மனசுல வருது. ஆதிமூலம் காந்திய வெறும் கோட்டுல வரைஞ்சவரு, அதோட தமிழ் புத்தகங்களுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும் தலைப்பு எழுத்து வடிவமைச்சதுல அவருக்குத் தனி இடம் உண்டு. கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைஞ்ச சாமி படங்கள் காலண்டரா அச்சாகி எத்தனையோ வீட்டுப் பூஜை ரூம் வரைக்கும் போயிருக்கு.

இவங்கள வச்சு எப்படிப் பழகறதுன்னா, ஒரு படத்த எடுத்து அப்படியே ஒருதரம் காப்பி பண்ணுங்க, அது படிப்புக்கு மட்டும், சொந்தப் படம்னு எங்கயும் போடக்கூடாது. அப்புறம் அந்தப் படத்த மூடி வச்சுட்டு, அதே முறையில உங்க தெருவுல நடக்கற ஒண்ண வரைங்க. ரெண்டாவதா சொன்னதுதான் முக்கியம், நிறைய பேர் முதல் படியோட நின்னுடறாங்க.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது கிளையண்ட்டுக்குக் காட்டற உங்க படத் தொகுப்புக்கு, பத்துப் பன்னெண்டு படம் போதும், ஆனா என்ன வேலை வரணும்னு ஆசைப்படறீங்களோ அதத்தான் வைக்கணும். குழந்தைங்க புத்தகம் பண்ண ஆசைன்னா ஊர்ல பாட்டி சொன்ன ஒரு கதைய எடுத்துக்கிட்டு ஒரு அட்டையும் நாலு உள்பக்கமும் போடுங்க, அதே பொண்ணு ஓடறா, அழறா, முதுகு காட்டி நிக்கறா, எல்லாத்துலயும் அவ அவதான்னு தெரியணும். பதிப்பகத்துல இருக்கறவங்க முதல்ல தேடறது அதத்தான், தனித்தனியா பத்து அழகான போஸ்டர் வச்சிருந்தா ஒரு முழு புத்தகத்த உங்கள நம்பிக் கொடுக்கலாமான்னு அவங்களுக்குத் தெரியாது.

இப்ப வேலை வருதுன்னு வைங்க. "தம்பி, ஒரு லோகோவும் ரெண்டு மூணு படமும் வேணும், எவ்ளோ ஆகும்"னு வாட்ஸப்ல வரும். உடனே நம்பரச் சொல்லிடாதீங்க. "பண்ணலாம் சார், கொஞ்சம் டீடெய்ல்ஸ் சொல்லுங்க, பார்த்துட்டு நாளைக்கு கொட்டேஷன் அனுப்புறேன்"னு போடுங்க. எங்க யூஸ் பண்ணப் போறாங்க, பிரிண்டா சோஷியல் மீடியாவா இல்ல ரெண்டுமா, எத்தனை காப்பி, எத்தனை வருஷம், எந்த சைஸ், கடைசில ஓகே சொல்றது யாரு. இந்தக் கடைசிக் கேள்விய விட்டுடவே கூடாது, ஏன்னா உங்ககிட்ட பேசறவரு ஓகே சொன்ன பிறகு அவரோட பார்ட்னர், மச்சான், வீட்டுல இருக்கறவங்கன்னு ஒவ்வொருத்தரா வந்து கலர மாத்தச் சொல்றதுலதான் பாதி வேலை நாசமாகுது.

வேலைய மூணு கட்டமா பிரிச்சுக்குங்க: ஸ்டாம்ப் சைஸ்ல சின்னச் சின்ன ஐடியா ஸ்கெட்ச், அதுல ஒண்ண செலக்ட் பண்ணதும் பென்சில் ரஃப், அப்புறம் ஃபைனல் கலர். ஒவ்வொரு கட்டத்துலயும் "இது ஓகே"ன்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும், வாட்ஸப் மெசேஜா இருந்தாலும் பரவால்ல. ரஃப்ல ரெண்டு தடவ மாத்தலாம், கலர்ல ஒரு தடவ, அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் இவ்ளோன்னு கொட்டேஷன்லயே போட்டுடுங்க. "சின்ன சேஞ்ச்தான் தம்பி, அந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்"னு ஃபைனல் முடிஞ்ச பிறகு கேட்டா கோவப்பட வேண்டாம், "பண்ணித் தரேன் சார், இது புதுசா வரையணும், கொட்டேஷன்ல போட்டபடி எக்ஸ்ட்ரா ஆகும், ஆரம்பிக்கட்டுமா"ன்னு கேளுங்க. நிறைய தடவ அந்த அம்மா இருந்த பக்கமே நல்லாத்தான் இருக்குன்னு பதில் வரும்.

ரேட் விஷயத்துல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வாடகை, சாப்பாடு, இஎம்ஐ, நெட்டு, சாஃப்ட்வேர், எல்லாம் சேர்த்து மாசம் 48,000 வேணும்னு வச்சுக்குவோம். மாசத்துல எல்லா நாளும் காசு வர்ற வேலை இருக்காது, கொட்டேஷன் எழுதறது, ஃபாலோ அப், மீட்டிங், சும்மா இருக்கற நாள், நீங்க பார்த்து வரையுற நேரம் எல்லாம் போக 12 நாள் கெடைச்சா பெரிய விஷயம். அப்ப ஒரு நாளுக்கு 4,000, அதுக்குக் கீழ போனா உங்க கைக்காசுதான் போகுது. இது அடிமட்ட ரேட்டு. இதுக்கு மேல எவ்ளோங்கறத யூசேஜ்தான் முடிவு பண்ணும், அதே படம் ஒரு கடையோட இன்ஸ்டா போஸ்ட்டுக்கும் ஊரெல்லாம் விக்கற பிஸ்கட் பாக்கெட்டுக்கும் ஒரே விலையா இருக்க முடியாது, உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுங்கறது அவங்களுக்குத் தேவையில்லாத கணக்கு. பாதி அட்வான்ஸ் வந்த பிறகு ஆரம்பிங்க, மீதி வந்த பிறகு பெரிய சைஸ் ஃபைல் அனுப்புங்க. தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னு வந்தாலும் இதேதான், டிஸ்கவுண்ட் கொடுக்கணும்னா முழு ரேட்ட எழுதி அதுல கழிச்சுக் காட்டுங்க, உங்க வேலையோட மதிப்பு என்னன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.

உரிமை விஷயம் கொஞ்சம் போரிங்கா இருக்கும், ஆனா தயவுசெஞ்சு படிங்க. நம்ம 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, காசு கொடுத்து ஒருத்தர் ஓவியமோ போர்ட்ரெய்ட்டோ வரையச் சொன்னா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல வரையச் சொன்னவருதான் முதல் உரிமையாளர். அதனால படத்தோட உரிமை ஓவியர்கிட்டயே இருக்கும், இன்ன வேலைக்கு இத்தனை வருஷம் பயன்படுத்திக்கலாம்னு ஒரு வரியாவது முன்னாடியே எழுதிக் கையெழுத்து வாங்கிடணும். உரிமைய எழுதிக் கொடுக்கறதா இருந்தாலும் எழுத்துல கையெழுத்தோடதான் செல்லும், அதுல எத்தனை வருஷம்னு போடலன்னா 5 வருஷம், எந்த எல்லைக்குன்னு போடலன்னா இந்தியா மட்டும்னு சட்டமே எடுத்துக்கும். உரிமைய வித்துட்டாலும் இது நான் வரைஞ்சதுன்னு சொல்லிக்கற உரிமை உங்ககிட்டதான் இருக்கும், அதனால புத்தகம்னா உள்பக்கத்துல உங்க பேரு எங்க வரும்னு கேட்டு வாங்குங்க.

பேமெண்ட் இழுத்தடிக்கறதுதான் இந்தத் தொழில்ல ஆள ஒடிச்சுப் போடற விஷயம். சின்ன தொழில்களுக்கான அரசாங்கத்தோட உத்யம் போர்ட்டல்ல பதிவு பண்ணிக்குங்க, ஆதாரும் பானும் இருந்தா போதும், இலவசம், காசு கேக்கற சைட்டுக்குப் போகாதீங்க. பதிவு பண்ண சின்ன தொழிலுக்கு, ஒப்பந்தத்துல அதுக்கு மேல நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் தரணும், இல்லன்னா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி கேக்கலாம்னு 2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் சொல்லுது. இன்வாய்ஸோட அடியில உத்யம் நம்பரயும் இந்த 45 நாள் வரியையும் போட்டு வைங்க, கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்க கண்ணுல அது நல்லாவே படும். ஜிஎஸ்டி, வருஷ வரவு 20 லட்சத்தத் தாண்டற வரைக்கும் சர்வீஸ் பண்றவங்களுக்கு பொதுவா கட்டாயம் இல்ல. கம்பெனிங்க டிடிஎஸ், அதாவது வருமானவரிய முன்னாடியே, புடிச்சுட்டுத் தருவாங்க, அத வருமானவரி போர்ட்டல்ல சரி பார்த்து ரிட்டர்ன் போட்டா கட்ட வேண்டியதுக்கு மேல புடிச்சது திரும்பி வரும்.

தமிழ் எழுத்து பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நல்ல படத்த மோசமான எழுத்து கெடுக்கறத தினமும் போஸ்டர்ல பார்க்கறோம். அடோபி இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர்ல யூனிகோட் தமிழ பேஸ்ட் பண்ணா 'கோயில்'ல இருக்கற இரட்டைக் கொம்பு க-வுக்குப் பின்னாடி போய் நிக்கும். ப்ரிஃபரன்சஸ்ல டைப் பகுதிக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்ஸ ஆன் பண்ணிட்டு, பாராகிராஃப் பேனல்ல சவுத் ஏசியன் கம்போஸர தேர்ந்தெடுத்தா சரியாகும், வெர்ஷனப் பொறுத்து வேர்ல்ட்-ரெடின்னும் பேர் இருக்கும். கூகுள் ஃபாண்ட்ஸ்ல முக்த மலர், கட்டமரன், பலூ தம்பி, ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாம் இலவசம், கமர்ஷியல் வேலைக்கும் யூஸ் பண்ணலாம். தமிழ் வார்த்தை இங்கிலீஷ விட நீளமா வரும், மேல சுழியும் கீழ வாலும் இருக்கும், அதனால வரிக்கு வரி இடைவெளிய கொஞ்சம் தாராளமா விடுங்க, படம் போடறப்பவே தலைப்புக்கு இடம் ஒதுக்குங்க. கருப்பு பேக்ரவுண்டுல வெள்ளை எழுத்து சின்னதா வச்சா ண, ஞ மாதிரி எழுத்தெல்லாம் பிரிண்ட்ல அடைச்சுக்கும்.

பிரிண்டுக்குப் போற ஃபைல்னா ஏ4க்கு 300 டிபிஐல 2480 க்கு 3508 பிக்சல், சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டறப்போ போற கூடுதல் ஓரம்), எழுத்து வெறும் கருப்பு இங்க்ல மட்டும். ஸ்கிரீன்ல ஜொலிக்கற அந்த நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கேல, அதாவது பிரிண்டோட நாலு இங்க் கலர்ல, மங்கிடும், கிளையண்ட்டுக்கு முன்னாடியே காட்டிடுங்க. அனுப்பறப்போ எழுத்த அவுட்லைன்ஸா (ஃபாண்ட் இல்லாமலே தெரியற வடிவமா) மாத்தின பிடிஎஃப் ஒண்ணு, எடிட் பண்ற ஃபைல் உங்ககிட்ட ஒண்ணு. முடிஞ்சா பிரஸ்ஸுக்கே நேர்ல போய் முதல் ஷீட்டு வர்றப்போ நில்லுங்க, மெஷின்காரர் அண்ணன்கிட்ட பேசினா ஒரு மணி நேரத்துல கத்துக்கறது ஒரு கோர்ஸ்ல கெடைக்காது.

வேலைய எப்ப விடறதுன்னா, ஆறு மாசச் செலவு பேங்க்ல இருக்கணும், திரும்பத் திரும்ப வேலை தர்ற கிளையண்ட் ரெண்டு மூணு பேராவது இருக்கணும், ஒரே ஆள நம்பிப் போகாதீங்க. அதுவரைக்கும் ஆபீஸ்ல சேர்ந்தப்போ கையெழுத்து போட்ட லெட்டர எடுத்து ஒருதரம் முழுசா படிங்க, வெளிவேலை பண்ணக்கூடாதுன்னோ நீங்க உருவாக்கறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னோ இருந்தா முன்னாடியே பேசி எழுத்துல அனுமதி வாங்கிக்குங்க. ஆபீஸ் லேப்டாப்புலயும் ஆபீஸ் லைசன்ஸ்லயும் சொந்த வேலை வேண்டவே வேண்டாம், சாஃப்ட்வேர் வாங்கக் காசு இல்லன்னா கிரிட்டாவும் இங்க்ஸ்கேப்பும் இலவசமாவே இருக்கு, ரெண்டுலயும் முழு புத்தகமே பண்ணலாம்.