தொலைத்தொடர்புக் கருவி நிறுவனப் பங்குகளை அலசுவது எப்படி? தேஜஸ் கணக்கை முன்வைத்து ஒரு செய்முறை

ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜிக்கும், பி.எஸ்.என்.எல். 4ஜிக்கும் மாறியதிலிருந்து, கோபுரங்களில் ஏற்றும் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களின் பங்குகளை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அத்தகைய பங்கை நான் அலசும் முறையை இங்கே எழுதுகிறேன். டீமேட் கணக்கு முதலியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் வரும் பெயர்கள் எடுத்துக்காட்டுகளே, பரிந்துரைகள் அல்ல.

படி 1: செலவாகும் பணம் யாரிடம் போகிறது?

ஏர்டெல் தன் 5ஜி கருவிகளை எரிக்சன், நோக்கியா, சாம்சங் ஆகியவற்றிடமும், ஜியோ பெரும்பாலும் எரிக்சன், நோக்கியாவிடமும் வாங்கின. நோக்கியாவுக்குச் சென்னையை அடுத்து ஆலை இருந்தாலும், அதன் பங்கு இந்தியச் சந்தையில் கிடைக்காது. ஆகவே உள்ளூர் முதலீட்டாளருக்குத் திறந்த வாசல் பி.எஸ்.என்.எல். தரும் ஆர்டர்கள்தான். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தையே பயன்படுத்தும் அதன் 4ஜி வலையமைப்பில் மையப் பகுதி மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சி-டாட் உருவாக்கியது, ரேடியோ கருவிகள் டாடா குழுமத்தின் தேஜஸ் நெட்வொர்க்ஸ் செய்தவை, ஒருங்கிணைப்பு டி.சி.எஸ். பொறுப்பு.

படி 2: ஆர்டர், வருவாய், ரொக்கம் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்போம். 2023 ஆகஸ்டில், ஒரு லட்சம் நிலையங்களுக்கான ரேடியோ கருவிகளுக்காக டி.சி.எஸ். தேஜஸுக்கு ₹7,492 கோடி ஆர்டர் தந்தது. 2023-24இல் ₹2,471 கோடியாக இருந்த தேஜஸின் வருவாய், 2024-25இல் ₹8,923 கோடியாயிற்று. அதற்கடுத்த ஏப்ரல்-ஜூன் காலாண்டிலோ வருவாய் ₹202 கோடிதான். நட்டம் ₹194 கோடி. ஒரு தலைமுறைக்கான கருவிகளைக் கோபுரத்தில் ஏற்றி முடித்தபின் சேவை நிறுவனம் அதே அளவில் மீண்டும் வாங்காது என்பதால், பெரிய ஆர்டரை ஆண்டுதோறும் வரும் வருமானமாகக் கருதக் கூடாது. நோக்கியாவின் இந்திய விற்பனையும் 2023இல் இருமடங்குக்கு மேல் உயர்ந்து, 2024இல் சரிந்தது.

கருவியை ஒப்படைத்ததும் வருவாய் பதிவாகிவிடும். பணம் பிறகுதான் வரும். பி.எஸ்.என்.எல்., டி.சி.எஸ்., தேஜஸ் என்று நீளும் சங்கிலியில் அந்த இடைவெளியும் நீளக்கூடும். எனவே மூன்றாண்டு நிகர லாபத்தைக் கூட்டி, அதே மூன்றாண்டில் தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த ரொக்கத்தின் கூட்டுத்தொகையை அதனருகே எழுதுங்கள். ரொக்கம் மிகக் குறைவாக இருந்தால், அது வாடிக்கையாளரிடம் நிலுவையாக நிற்கிறதா, கிடங்கில் சரக்காகக் கிடக்கிறதா என்று பாருங்கள். நிலுவை தாமதமாகவேனும் வரலாம். ஆனால் ஒருவருடைய அலைவரிசைக்கென்றே செய்த ரேடியோ இன்னொருவருக்குப் பயன்படாமல் போகலாம் என்பதால், தேங்கிய சரக்கே எனக்கு அதிகக் கவலை தருகிறது.

இந்த எண்களுக்கு, நிறுவனங்களின் நிதிக் கணக்குகளைத் தொகுத்துத் தரும் ஸ்கிரீனர் தளமே போதும். தரகுச் செயலிகள் காட்டும் 'வாங்கலாம்' அம்புக்குறிகளை நான் பார்ப்பதே இல்லை. நிறுவன நிர்வாகம் பங்கு ஆய்வாளர்களுடன் நடத்தும் காலாண்டுக் கூட்டங்களின் எழுத்துப் பதிவில் தொடக்க உரையை விட்டுவிட்டு, கேள்வி-பதில் பகுதிக்கு நேராகச் செல்லுங்கள். நிலுவை எப்போது வரும் என்ற கேள்வி அங்கேதான் எழும்.

படி 3: வாடிக்கையாளர் எத்தனை பேர்?

வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர் இருந்தால், ஆண்டறிக்கையின் பிரிவுவாரிக் குறிப்பில் அதைச் சொல்லியாக வேண்டும். நான் முதலில் புரட்டும் பக்கம் அது.

படி 4: விலை

லாபம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் விலை-லாப விகிதம் (பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தது) குறைவாகத் தெரிந்து, பங்கு மலிவு என்று மயங்கச் செய்யும். ஒரே ஆண்டை எடுக்காமல், நல்லதும் கெட்டதுமாக ஐந்தாண்டுச் சராசரி லாபத்தைக் கொண்டு கணக்கிடுங்கள்.

பின்சேர்க்கை (வாசகர் கேள்விகளுக்காக)

உற்பத்தி சார்ந்த அரசு ஊக்கத்தொகையை லாபத்தில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். நான் கழித்துவிட்டே பார்க்கிறேன். திட்டக் காலம் முடிந்தால் அது நின்றுவிடும்.

எச்.எஃப்.சி.எல்., ஸ்டெர்லைட் டெக்னாலஜீஸ் போன்ற கண்ணாடி இழை வடம் செய்யும் நிறுவனங்களுக்கும் இம்முறை பொருந்தும். கூடவே இழையின் சந்தை விலையையும் கவனிக்க வேண்டும். இண்டஸ் டவர்ஸ், சேவை நிறுவனங்களுக்குக் கோபுரங்களை விட்டு வாடகையில் வாழும் நிறுவனம் என்பதால் அங்கே ஆர்டர் கணக்கு உதவாது. வோடஃபோன் ஐடியாவின் நிலுவைக்காக 2022-23இல் அது பெருந்தொகையை ஒதுக்க நேர்ந்தது. அத்தகைய பங்கில் கோபுர எண்ணிக்கைக்கு முன்பாக, வாடகை தரவேண்டியவரின் கடன் சுமையைப் படியுங்கள்.