கல்யாண டிவிடிகளை ஃபைலாக மாற்றி டிவியில் பார்ப்பது எப்படி?

அலமாரியில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று டிவிடிகள் அடுக்கியிருக்கும். போட்டுப் பார்க்கத்தான் பிளேயர் இருக்காது. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிவிடி-ஆர் வட்டுகளுக்கு ஆயுளும் கம்மி. பதிவைத் தாங்கும் சாயப்பூச்சு வெயிலிலும் புழுக்கத்திலும் மங்கிப்போகும். அதனால் வட்டு ஓடுகிற காலத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ், வட்டிலிருந்து வீடியோவை எடுக்க மேக்எம்கேவி, அதைச் சுருக்க ஹேண்ட்பிரேக் என்ற இரண்டு மென்பொருள்கள், ஹார்ட் டிஸ்கில் இடம். இவ்வளவுதான் தேவை. சாதாரண வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. 40 வட்டுக்கு 200 ஜிபி ஒதுக்கினால் தாராளம்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடிகளில் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு அப்படிப்பட்ட பூட்டுகளை உடைப்பதைப் பற்றியது. அதற்குள் போகவில்லை, இங்கே நம் வீட்டு வீடியோ மட்டும்.

1. துடைப்பது

மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து கீறல் விழுந்தால், அது பதிவு ஓடும் திசையிலேயே போகும், டிரைவ் திணறிவிடும்.

2. அப்படியே எடுப்பது

மேக்எம்கேவியில் வட்டைத் திறந்து, எல்லா டைட்டில்களையும் (வட்டில் தனித்தனியாக இருக்கும் வீடியோக்கள்) டிக் செய்து சேமியுங்கள். படத்தையும் சத்தத்தையும் தொடாமல் எம்கேவி ஃபைலாகத் தரும். ஒன்றைக் கவனியுங்கள்: 120 விநாடிக்குக் குறைவான டைட்டில்களை அது தானாகவே ஒதுக்கிவிடும். ஸ்டூடியோவில் தனியாகச் சேர்த்த சின்னத் துண்டுகள் விடுபடாமல் இருக்க, செட்டிங்ஸில் அந்த எண்ணைக் குறைத்துவிடுங்கள். பாதியில் நின்றுபோனால் வட்டைக் குறை சொல்வதற்கு முன் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படித்துவிடும்.

இடம் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. டிவி அந்த ஃபைலை ஓட்ட மறுத்தாலோ, அளவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றாலோ மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

3. கோடு விழாமல் சுருக்குவது

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அந்தக் காலத்து வீடியோ கேமரா விநாடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிந்தது: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டும்போது, அட்சதை தூவும் கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும்.

ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழுப்படமாக்குவது) என்பதை 'பிவ்டிஃப்' (Bwdif) என்றும், அதன் பிரீசெட்டை (தயார் அமைப்பை) 'பாப்' (Bob) என்றும் வையுங்கள். ஒவ்வொரு அரைப்படமும் ஒரு முழுப்படமாகிவிடும். அப்புறம் வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, 50 ஆக்க வேண்டும். '576பி25' என்று பெயரில் இருக்கும் தயார் பிரீசெட்டை எடுத்து அப்படியே விட்டால் 25-க்கு மேல் போகாது. அசைவில் பாதி போய்விடும்.

தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் (RF) எண்ணை 18 முதல் 20 வரை வையுங்கள். எண் குறையக் குறைய தரமும் ஃபைல் அளவும் கூடும். படத்தை 1080-க்குப் பெரிதாக்க வேண்டாம். இல்லாத விவரம் புதிதாக வராது, பெரிதாக்கும் வேலையை டிவியே செய்துகொள்ளும். முழு வட்டையும் ஓட விடுவதற்கு முன், ரேஞ்சில் 30 விநாடி மட்டும் குறித்து, ஆட்கள் நடமாடும் இடமாகச் சோதித்துப் பாருங்கள்.

சத்தம் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆக இருந்தால் 'பாஸ்த்ரூ' கொடுங்கள். அது மாறாமல் ஹோம் தியேட்டருக்குப் போய்ச் சேரும்.

4. பெயரிட்டு டிவியில் சேர்ப்பது

'2006-05-21 அக்கா கல்யாணம் பகுதி 1' என்று தேதியை முன்னால் வைத்தால் வரிசை தானாக அமையும். கணினியில் உள்ள வீடியோக்களை டிவியில் காட்டும் ஜெல்லிஃபின் மென்பொருளைப் பயன்படுத்தினால் லைப்ரரி வகையில் 'ஹோம் வீடியோஸ்' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'மூவீஸ்' என்று கொடுத்தால், அக்கா கல்யாணத்துக்கு ஏதோ ஒரு சினிமாவின் போஸ்டரை ஒட்டிவைத்தாலும் வைக்கும்!

இதெல்லாம் வேண்டாம், பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் போதும் என்றால், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. டிவி எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மட் முறையைப் படிக்குமா என்று பார்த்து, அதில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.