டர்பன் நகைக்கடைக் கவுண்ட்டரில் கமிஷனையும் ட்ரேயையும் காத்துக்கொள்வது எப்படி

நகைக்கடை வேலை கசந்துபோவது பெரும்பாலும் இரண்டு கேள்விகளில்தான். "இதை விற்றது யார்?" என்பது ஒன்று, "அந்த உருப்படி எங்கே போச்சு?" என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் தோற்றால் கமிஷன் போகும். இரண்டாவதில் தோற்றால் பெயரே போகும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்துக் குடும்பக் கடையோ, அம்ஷ்லாங்கா கேட்வே மாதிரி மாலில் இருக்கும் சங்கிலிக் கடையோ, இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பவரை அசைப்பது கடினம்.

சேரும்போதே கமிஷனை எழுதி வாங்குங்கள்

"ரெண்டு பர்சென்ட் தர்றோம்" என்று வாயால் சொன்னால் அதற்குள் நாலைந்து ஓட்டைகள் இருக்கும். முதல் ஓட்டை வாட் வரி. 23,000 ராண்டுக்கு பில் போட்டால் அதில் 15 சதவீத வாட் உள்ளே அடங்கியிருக்கிறது. வரி நீக்கினால் 20,000. இரண்டு சதவீதம் 400 ராண்ட்தான், 460 இல்லை. ஒரு பில்லில் 60 ராண்ட் சின்னதாகத் தெரியும், டிசம்பர் மாதம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் சின்னதாகத் தெரியாது.

அடுத்தது, கமிஷன் எப்போது உங்களுடையதாகிறது? பில் போட்ட அன்றா, முழுப்பணம் வந்த அன்றா? லே-பையில் (தவணையாகப் பணம் கட்டி முடித்தபின் பொருளை எடுத்துப்போகும் முறை) இது பெரிய சண்டை. ஏப்ரலில் நீங்கள் திறந்த லே-பையின் கடைசித் தவணையை நவம்பரில் வேறொருவர் வாங்கினால் கமிஷன் யாருக்கு? பொருள் திரும்பி வந்தால் கமிஷனைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை மாதம் வரை? பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித்தர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) வாடிக்கையாளருக்கு உரிமை தருகிறது. கொக்கி உடைந்தது தயாரிப்புக் குறை. அதற்கு உங்கள் கமிஷனில் கைவைப்பது சரிதானா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். கடைசியாக, கமிஷன் பட்டுவாடா நாளில் வேலையில் இருந்தால்தான் பணமா என்பது. வேலையை விடும்போது இந்த ஒரு வரிதான் ஆயிரக்கணக்கில் அடிக்கும்.

வேலை விவரங்களை எழுத்தில் தரவேண்டும், சம்பளம் கணக்கிடும் முறையும் அதில் இருக்கவேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், 29ஆம் பிரிவு, சொல்கிறது. ஆனால் குடும்பக் கடையில் சட்டத்தைக் காட்டிக் கேட்டால் முதல் நாளே முகம் சுருங்கும். "அங்கிள், எனக்கு மறந்துபோகும், ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நீங்களே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்பிய தேதி நிற்கும். "இங்க எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொல்லி எழுதித்தர மறுக்கும் கடையில், பணத் தகராறு வரும் அன்று குடும்பம் கலைந்துவிடும்.

விற்பனை ஓடவில்லை என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தரமுடியாது. 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ராண்டானது. வாரம் 45 மணி, மாதம் 195 மணி என்று வைத்தால் அப்போது சுமார் 5,614 ராண்ட். ஆண்டுதோறும் மார்ச்சில் அது மாறும், புதிய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனை கைமாறும் வழிகள்

வெளிப்படையாகப் பறிப்பவர் குறைவு. நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது உங்களைத் தேடி வந்த ஆண்ட்டியிடம் "அவங்க இன்னைக்கு லீவு" என்று சொல்வதுதான் வழக்கம். ஒரு மணி நேரம் நீங்கள் காட்டிய தாலிச் செயினை அந்தச் சக ஊழியர் ஐந்து நிமிடத்தில் பில் போட்டுவிடுவார்.

இதைவிடக் கெட்டது ரிட்டர்ன் வழியாக நடக்கும் வேலை. நீங்கள் விற்ற மோதிரத்தை அளவு மாற்ற வாடிக்கையாளர் கொண்டுவருகிறார். சக ஊழியர் 'எக்ஸ்சேஞ்ச்' போடாமல், உங்கள் பில்லை ரிஃபண்ட் செய்து, அதே விலையில் புதுப் பில்லைத் தன் கோடில் (தன் விற்பனையாளர் எண்ணில்) போடுகிறார். வாடிக்கையாளருக்கு ஒரு சென்ட் வித்தியாசமில்லை. உங்கள் கணக்கில் கழித்தல், அவர் கணக்கில் கூட்டல். மாதக் கடைசியில் மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. வாரம் ஒருமுறை உங்கள் கோடின் ரிஃபண்ட் பட்டியலைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அதே நாளில் அதே டேக் எண்ணில் வேறு பில் உண்டா என்று பாருங்கள்.

உங்கள் டில் (பில் போடும் இயந்திரம்) பின் எண்ணை யாருக்கும் தராதீர்கள். "அவசரம், உன் கோடுல போட்டுடறேன்" என்பது உதவி மாதிரி இருக்கும். அங்கீகாரமில்லாத தள்ளுபடியும் தப்பான ரிஃபண்டும் அந்தக் கோடிலேயே உட்காரும், விசாரணையில் பதில் சொல்வது நீங்கள்.

வாங்காமல் போகிற ஒவ்வொருவருக்கும் கொட்டேஷன் சீட்டு எழுதுங்கள். தேதி, டேக் எண், காரட், கிராம், விலை, விலை எதுவரை செல்லும், உங்கள் பெயர் ஆகியவை அதில் இருக்கவேண்டும். தங்க விலை தினமும் அசைவதால் செல்லுபடித் தேதி இல்லாத சீட்டு நாளைக்கு உங்களையே கடிக்கும். பெரியவர்கள் பவுன் கணக்கில் கேட்பார்கள். சீட்டில் கிராமாகவே எழுதுங்கள், பவுனுக்கு 8 கிராம். 22 காரட்டா 9 காரட்டா என்பதையும் விடாதீர்கள். மால் கடைகளில் 9 காரட் (375 முத்திரை) நிறையப் போகிறது. 22 காரட் (916) என்று நினைத்து வாங்கியவர் திரும்பி வந்து கத்தும்போது முதலாளி உங்கள் பக்கம்தான் விரலை நீட்டுவார்.

பெரிய விற்பனையென்றால் அன்று மாலைக்குள் மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று பிற்பகல் 22 காரட் செயின், டேக் எண் இது, காட்டினேன். சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். எனக்கு சனி லீவு, என் பெயரில் பில் போடும்படி கேட்கிறேன்." இதை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். விஷயம் பெரிதானால் அதைப் படிக்கப்போவது வேலைத் தகராறை விசாரிக்கும், தமிழ் தெரியாத ஒரு கமிஷனர்.

மூத்த ஊழியர் பறித்திருந்தால் வாடிக்கையாளர் முன்னால் வாய் திறக்காதீர்கள். ஷட்டர் இறங்கியதும், "அக்கா, அந்த ஆண்ட்டிக்கு நான்தான் சீட்டு எழுதினேன், இதோ பாருங்க. பாதிப் பாதி போட்டுக்கலாமா?" என்று கேளுங்கள். சீட்டைக் காட்டிப் பாதி கேட்டால் பல பேர் ஒத்துக்கொள்வார்கள். முழுதும் கேட்டால் சண்டை, கேட்காமல் விட்டால் அது வழக்கமாகிவிடும்.

வாடிக்கையாளர் தொலைபேசி எண்களைச் சொந்த போனில் சேர்த்து வைப்பது பலர் பழக்கம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. கடையின் பட்டியலை எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனால், உங்களை ஒழிக்க நினைப்பவருக்கு நீங்களே ஆதாரம் கொடுத்தது போலாகும்.

பணம் கொண்டுவரும் வம்பு

49,999.99 ராண்டுக்கு மேல் ரொக்கம் வாங்கினால் நிதி உளவு மையத்துக்கு அறிக்கை போகவேண்டிய கடைகள் உண்டு. ஒரே பொருளுக்கு 1,00,000 ராண்டோ அதற்கு மேலோ பணம் பெறும் வியாபாரிகள் 2022 டிசம்பர் 19 முதல் இந்த மையத்தின் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். "ரெண்டு பில்லா உடைச்சுப் போடு, டார்கெட்டும் ஏறும்" என்று யாராவது சொன்னால், உடைத்த பில் உங்கள் கோடில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மறுத்துவிட்டு மேலாளரிடம் அனுப்புங்கள்.

ட்ரே

காலையில் ட்ரேயைப் பெட்டகத்திலிருந்து எடுக்கும்போதும், சாப்பாட்டுக்குப் போகும்போதும், மூடும்போதும் எண்ணுங்கள். ஒப்படைப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். 40 குழி ட்ரேயில் 37 உருப்படி, 3 காலி என்று காலியையும் எழுதுங்கள். காலிக் குழியில் பிளாஸ்டிக் அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் எது விற்றது, எது போனது என்று தெரியாது. "நேரமில்ல, நம்புறேன் போ" என்று சொல்பவரிடமிருந்து மட்டும் எண்ணாமல் வாங்கவே கூடாது.

துணி விரித்த கவுண்ட்டரில் ஒரு நேரத்தில் இரண்டு உருப்படிக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வேண்டுமென்றால் ஒன்று உள்ளே போகட்டும். மாற்றி வைக்கும் திருட்டு இங்கேதான் நடக்கும்: ஒருவர் பேச்சுக்கொடுக்க, இன்னொருவர் முலாம் பூசிய செயினை வைத்துவிட்டு அசலை எடுப்பார். திரும்பி வந்த செயினின் முத்திரையையும் டேக்கையும் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் தராசில் போடுங்கள். டேக்கில் 12.40 கிராம் என்றிருந்து தராசு வேறு சொன்னால் வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போதே மேலாளரைக் கூப்பிடவேண்டும், போனபின் இல்லை.

ரிப்பேருக்கு வாங்கும் நகைதான் அதிகம் வம்பிழுக்கும். வாடிக்கையாளர் கண்முன் எடை போட்டு (இரண்டு தசமம் வரை), கற்களை எண்ணி, உடைசல், வளைசல் எல்லாம் ஜாப் கார்டில் எழுதி, முன்னும் பின்னும் படமெடுத்து, உறையை ஒட்டி, அதன் மேல் அவர் கையெழுத்தை வாங்குங்கள். லென்ஸில் பார்த்து "ஓரத்தில் சிறு உடைவு" என்று எழுதிய ஒரு வரி, "என் கல்லை மாத்திட்டீங்க" என்ற குற்றச்சாட்டை அங்கேயே நிறுத்தும். மெருகேற்றினால் எடை கொஞ்சம் குறையும், மோதிரத்தைப் பெரிதாக்கினால் தங்கம் சேர்ந்து கூடும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

துப்பாக்கியோ சம்மட்டியோ கொண்டு வந்தால் ட்ரேயைக் காக்கும் வேலை உங்களுடையதில்லை. கையைத் தெரியும்படி வைத்து, சொன்னதைச் செய்யுங்கள்.

"உருப்படி குறையுது, கையெழுத்து போடு"

ஸ்டாக் குறைந்ததும் சில கடைகளில் கடன் ஒப்புதல் கடிதத்தை நீட்டுவார்கள். அன்றே கையெழுத்துப் போடவேண்டாம். நஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க அதே அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: நஷ்டம் வேலையின் போது உங்கள் தவறால் நடந்திருக்கவேண்டும். நியாயமான விசாரணை நடந்து, ஏன் பிடிக்கக்கூடாது என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தந்திருக்கவேண்டும். உண்மையான நஷ்டத்துக்கு மேல் போகக்கூடாது. உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். மொத்தப் பிடித்தம் உங்கள் பணச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. "ட்ரேயில் ஐந்து பேர் கை பட்டது, ஐவரும் பங்கு போட்டுக் கட்டுங்கள்" என்பதில் உங்கள் தவறு எது என்று காட்டவேயில்லை.

கடிதத்தை வாங்கிக்கொண்டு, "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். படமெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒப்படைப்புத் தாள்களின் நகல் வீட்டில் இருந்தால் இந்த இடத்தில்தான் அவை பலன் தரும். பொய் கண்டறியும் சோதனைக்குக் கட்டாயப்படுத்தமுடியாது, அதன் முடிவை மட்டும் வைத்துக் குற்றத்தை நிரூபித்துவிடவும் முடியாது.

நேரமும் வசவும்

ஒன்பது மணிக் கடைக்கு எட்டேகாலுக்கு வந்து ஜன்னல் ட்ரே அடுக்குவதும் வேலை நேரம்தான். தினம் 45 நிமிடம், ஆறு நாள் என்றால் வாரத்துக்கு நாலரை மணி. ஏற்கெனவே 45 மணி நேரம் ஆகியிருந்தால் அது ஒன்றரை மடங்குக் கூலிக்குரிய ஓவர்டைம். ஐந்து மணி தொடர்ந்து நின்றபின் ஒரு மணி இடைவேளை உண்டு, ஒப்பந்தத்தால் அதை அரை மணியாக்கலாம். ஒரு வருமான வரம்புக்கு மேல் (2025இல் அது ஆண்டுக்கு சுமார் 2 லட்சத்து 61 ஆயிரம் ராண்டாக இருந்தது) சம்பாதிப்பவருக்கு இந்த நேர விதிகள் பொருந்தாது, கமிஷனில் நன்றாக வாங்குபவர் கவனிக்கவும். ஆடி, புரட்டாசியில் தமிழ்க் குடும்பங்களின் கல்யாண வாங்கல் மந்தமாகும். தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை மூச்சு விட முடியாது. டார்கெட்டைப் பன்னிரண்டால் சமமாக வகுத்திருந்தால் அதை மாற்றச் சொல்லி ஜனவரியிலேயே கேளுங்கள்.

எல்லார் முன்னும் டார்கெட் பலகையைக் காட்டித் திட்டுவது, ஜாதி, நிறம், உச்சரிப்பைக் கேலி செய்வது, கேட்காமல் தொடுவது எல்லாம் 'டார்கெட் டென்ஷன்' இல்லை. துன்புறுத்தல் தடுப்பு நெறிமுறை 2022 மார்ச் 18 முதல் அமலில் உள்ளது. நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோயிருந்தால்தான் அவர்கள் செய்யாமல் விட்டது கணக்கில் வரும், அதை எழுத்திலேயே செய்யுங்கள். நடந்த அன்றே தேதி, நேரம், சொன்ன சொல், அருகிலிருந்தவர் என்று நோட்டில் எழுதுங்கள். நீங்கள் பங்கெடுத்த உரையாடலைப் பதிவு செய்ய இந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கவுண்ட்டரில் போன் கூடாதென்ற கடை விதியை மீறிச் சிக்காதீர்கள்.

போகும்போது

கோபத்தில் "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று சொல்வதுதான் அவர்களுக்கு வசதி. ராஜினாமா செய்தவருக்குப் பொதுவாக யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) உதவித்தொகை கிடையாது. தாங்கமுடியாத சூழலால் வெளியேற நேர்ந்தால் அதை மறைமுகப் பணிநீக்கம் என்று வாதிடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது, முதலில் உள்ளேயே எழுத்தில் புகார் செய்திருந்தால் வாதம் வலுவாக நிற்கும். பணிநீக்கத் தகராறு என்றால் 30 நாளுக்குள், பதவி உயர்வு, எச்சரிக்கை போன்ற நியாயமற்ற நடவடிக்கை என்றால் 90 நாளுக்குள் வேலைத் தகராறுகளுக்கான சமரச, நடுவர் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் போகவேண்டும். எல்ஆர்ஏ 7.11 படிவம், கட்டணம் இல்லை. டர்பனில் அலுவலகம் உண்டு.

நோட்டீஸ் காலம் ஆறு மாதம் வரை வேலை செய்தவருக்கு ஒரு வாரம், ஒரு வருடம் வரை இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். ஒப்பந்தத்தில் அதிகமாக இருக்கலாம். கமிஷன் பட்டுவாடா நாள் தாண்டி விழும்படி நோட்டீஸ் தேதியைக் கணக்கிடுங்கள். கைக்கு வராத லே-பைகளின் பட்டியலை எழுத்தில் கொடுத்து, யார் பெயரில் போகும் என்று கேளுங்கள். எதிர்க் கடையில் சேரத் தடை விதிக்கும் ஷரத்து இருந்தால் அது நியாயமான எல்லைக்குள் இருக்கும்வரை செல்லும், அதனால் புது வேலைக்குக் கையெழுத்திடுமுன் வாசித்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் உங்கள் ட்ரே எல்லாவற்றையும் மேலாளரோடு எண்ணி, சாவி, பின் கார்டு ஒப்படைத்ததாகக் கையெழுத்து வாங்கி, பணிச் சான்றிதழும் யூஐஎஃப்புக்கான யூஐ-19 படிவமும் கையில் வந்தபின் வெளியே வாருங்கள்.